மருந்து தூவும் விமானங்கள்: கிளம்பும்போது நேர்ந்த விபத்துகளின் வரலாறு

பயிருக்குப் பூச்சிமருந்து தூவவும், உரம் இறைக்கவும், விதை விதைக்கவும் பயன்படும் சிறிய விமானங்கள் வேளாண் விமானங்கள் எனப்படுகின்றன. இவை வயலுக்கு மேல் சில அடி உயரத்தில் பறப்பவை. மின்கம்பி, மரம், கம்பம் ஆகியவற்றில் மோதும் அபாயம் எப்போதும் உண்டு. ஆகையால் இந்த விமானங்களின் விபத்து என்றதும் வயலின் மேல் நடப்பதையே பலரும் நினைப்பர். ஆனால் வயலை அடைவதற்கு முன்பே, தொட்டி நிறைய மருந்தை ஏற்றிக்கொண்டு தரையிலிருந்து கிளம்பும் அரை நிமிடத்திலும் பல விமானிகள் உயிரிழந்துள்ளனர். இந்த விபத்துகள் ஏன் நேர்ந்தன, அவற்றிலிருந்து விமானத்தை வடிவமைத்தவர்களும் சட்டம் இயற்றியவர்களும் என்ன கற்றுக்கொண்டனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கம்

1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊருக்கு அருகே முதன்முதலாக விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவப்பட்டது. அங்கே கட்டால்பா மரத்தோப்பு ஒன்றைப் புழுக்கள் தின்று அழித்துக்கொண்டிருந்தன. அமெரிக்க ராணுவ விமானி ஜான் மெக்கிரெடி, கர்ட்டிஸ் ஜே.என்.-6 வகை விமானத்தில் தோப்பின் மேல் தாழப் பறந்தார். மருந்துத் தொட்டியை வடிவமைத்த எட்டியென் டோர்மாய் என்னும் பொறியாளர் உடன் அமர்ந்து, கையால் பிடியைச் சுழற்றி ஈய ஆர்சனேட் தூளை வெளியேற்றினார். ஏறத்தாழ 6 ஏக்கர் தோப்புக்கு மருந்து தூவ ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே பிடித்தது. புழுக்கள் பெருமளவில் மடிந்தன.

அடுத்த ஆண்டே லூசியானா மாநிலத்தின் டல்லூலா என்னும் ஊரில், பருத்திக் காய்களைத் துளைத்து அழித்த கூன்வண்டுகளுக்கு எதிராக இம்முறை சோதிக்கப்பட்டது. 1924இல் ஹஃப் டேலண்ட் டஸ்டர்ஸ் என்னும் நிறுவனம் மருந்து தூவுவதையே தொழிலாகத் தொடங்கியது. பின்னாளில் உலகின் மிகப் பெரிய பயணிகள் விமான நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த டெல்டா ஏர்லைன்ஸ், இந்த மருந்து தூவும் நிறுவனத்திலிருந்து பிறந்ததே.

டிராய் நகர்ச் சோதனை ஒரு முறை நடந்த செயல்விளக்கம். விமானத்தின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட சிறிய தொட்டியே அதற்குப் போதுமானதாக இருந்தது. தொழிலாக மாறியபோது நிலைமையும் மாறியது. கூலி ஏக்கர் கணக்கில் கிடைத்தது. ஒரு முறை கிளம்பும்போது எவ்வளவு மருந்து ஏற்றப்படுகிறதோ அவ்வளவு ஏக்கர் முடியும். வயலுக்கும் ஓடுதளத்திற்கும் இடையே வெறுமனே பறக்கும் நேரத்திற்கு எவரும் பணம் கொடுப்பதில்லை. எனவே இன்னொரு மூட்டையையும் ஏற்றலாமா என்னும் கேள்வி தொழிலின் முதல் நாளிலிருந்தே விமானியின் முன் நின்றது.

கிளம்பும் நேரம் ஏன் ஆபத்தானது

பயணிகள் விமானம் நீண்ட, சமமான, தார் அல்லது கான்கிரீட் ஓடுபாதையிலிருந்து கிளம்புகிறது. அது ஒரு நாளில் கிளம்புவதும் சில முறைகளே. வேளாண் விமானமோ வயலுக்கு அருகிலுள்ள மண் தரையிலிருந்தும், புல்வெளியிலிருந்தும், சில இடங்களில் சாலையிலிருந்தும் கிளம்புகிறது. வேலை மிகுந்த நாளில் பல பத்து முறை கிளம்பி இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் முழுச் சுமையுடன்தான் கிளம்ப வேண்டும். இறங்கும்போது தொட்டி பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆகவே ஒரு சுற்றில் விமானம் மிகக் கனமாகவும் மிக மெதுவாகவும் தரைக்கு மிக அருகிலும் இருக்கும் நேரம் கிளம்பும் நேரமே.

விமானத்தைத் தூக்குவது இறக்கையின் மேல் ஓடும் காற்று. காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு தூக்குவிசை கிடைக்கும். வெப்பம் கூடினால் காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் வெப்பத்தை விமானவியலில் அடிப்படை அளவாகக் கொள்வர். அதே அழுத்தத்தில் வெப்பம் 35 பாகையாக உயர்ந்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6.5 விழுக்காடு குறைகிறது. இதனால் மூன்று இழப்புகள் ஒரே நேரத்தில் வருகின்றன. இறக்கைக்குத் தூக்குவிசை குறைகிறது. எந்திரம் உள்ளிழுக்கும் காற்று குறைந்து அதன் திறன் குறைகிறது. சுழலி காற்றைப் பிடித்து இழுக்கும் ஆற்றலும் குறைகிறது. உயரமான நிலப்பகுதிகளிலும் இதே நிலைதான்.

பூச்சிகள் பெருகுவதும் மருந்து தேவைப்படுவதும் பெரும்பாலும் வெப்பமான மாதங்களில். விமானத்தின் திறன் குறையும் காலமும் வேலை கூடும் காலமும் ஒன்றாக அமைந்தது இத்தொழிலின் இயல்பான சிக்கல். அதிகாலைக் குளிரில் எளிதாகக் கிளம்பிய அதே சுமை, முற்பகல் 11 மணிக்கு ஓடுதளத்தின் எல்லை வரை ஓட வைக்கும். காலையிலிருந்து பத்து முறை சரியாகக் கிளம்பிய விமானிக்குப் பதினோராவது முறையும் சரியாகவே நடக்கும் என்ற நம்பிக்கை வருவது இயற்கை. வெப்பமானி காட்டும் மாற்றம் அந்த நம்பிக்கைக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்கு

பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களை ஓட்டுவோருக்காக வெளியிட்ட வழிகாட்டியில் சில எளிய பெருக்கு எண்கள் உள்ளன. எடை 10 விழுக்காடு கூடினால், கிளம்பத் தேவையான தூரம் 20 விழுக்காடு கூடும். வெப்பம் 10 பாகை கூடினால் தூரம் 10 விழுக்காடு கூடும். உலர்ந்த புல்தரையில் 20 விழுக்காடு கூடும். பின்னாலிருந்து வீசும் காற்றின் வேகம், விமானம் தரையை விட்டு எழும் வேகத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலே தூரம் 20 விழுக்காடு கூடும்.

இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு விமானத்திற்குக் குளிர்ந்த காலையில், கடினமான தரையில், காற்றில்லாத போது 300 மீட்டர் தேவை என்று கொள்வோம்.

எடை 10 விழுக்காடு கூடுதல்: 300 × 1.2 = 360 மீட்டர்.
உலர்ந்த புல்தரை: 360 × 1.2 = 432 மீட்டர்.
லேசான பின்காற்று: 432 × 1.2 = 518 மீட்டர்.
வெப்பம் 15 பாகையிலிருந்து 35 பாகையாக உயர்வு: 518 × 1.21 = ஏறத்தாழ 627 மீட்டர்.

எந்தக் காரணமும் தனியாகப் பார்த்தால் அச்சம் தருவதாக இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எழும் விமானத்திற்கு 10 கிலோமீட்டர் பின்காற்று என்பது இலை சலசலக்கும் அளவுக் காற்றுதான். ஆனால் நான்கும் சேர்ந்ததும் தேவையான தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 500 மீட்டர் நீளமுள்ள மண் ஓடுதளத்தில் அந்த விமானம் எழாது. இந்த விபத்தின் காரணம் சக்கரம் உருளத் தொடங்கும் முன்பே அமைந்துவிடுகிறது.

விபத்துகளின் வகைகள்

கிளம்பும்போது நேரும் விபத்துகளைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஓடுதளம் முடிந்தும் விமானம் எழாமை. எல்லையிலுள்ள வேலி, வாய்க்கால், வரப்பு ஆகியவற்றில் சக்கரம் மாட்டி விமானம் கவிழ்கிறது.

இரண்டாவது, எழுந்தும் ஏற முடியாமை. தரைக்கு மிக அருகில் பறக்கும்போது இறக்கையின் மீதான காற்றின் இழுவை குறைகிறது. இதைத் தரை விளைவு என்பர். அதிகச் சுமையுள்ள விமானமும் இதன் உதவியால் சில அடி உயரம் எழுந்துவிடும். விமானி கிளம்பிவிட்டதாக நினைப்பார். ஆனால் அதற்கு மேல் ஏறத் திறன் இருக்காது. எதிரில் மரமோ மின்கம்பியோ இருந்தால் மோதல் தவிர்க்க முடியாததாகிறது.

மூன்றாவது, தாழ்ந்த உயரத்தில் திரும்புதல். விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கை கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை தாங்கும் சுமை இரண்டு மடங்காகிறது. அப்போது விமானம் காற்றில் நிற்கத் தேவையான மிகக் குறைந்த வேகம் 41 விழுக்காடு கூடுகிறது. அந்த வேகம் இல்லாவிட்டால் தூக்குவிசை திடீரென அறுந்து, ஓர் இறக்கை கீழே சரிய, விமானம் விழுகிறது. விமானிகள் இதை ஸ்டால் என்பர். போதிய உயரத்தில் இது நேர்ந்தால் மீட்கலாம். நூறு அடி உயரத்தில் அதற்கு இடமில்லை.

நான்காவது, கிளம்பிய சில நொடிகளில் எந்திரம் நின்றுபோதல். அப்போது நேர் எதிரே கிடைக்கும் இடத்தில் இறங்குவதே பாதுகாப்பு. ஓடுதளத்திற்குத் திரும்ப முயன்றவர்கள் பலர் மேலே சொன்ன மூன்றாம் வகை விபத்தில் சிக்கினர்.

ஐந்தாவது, ஓடும்போதே திசை தவறுதல். பழைய வேளாண் விமானங்கள் பெரும்பாலும் வால் சக்கரம் கொண்டவை. மேடு பள்ளத்திலும் பக்கக் காற்றிலும் இவை பம்பரம் போல் சுழன்று இறக்கை தரையில் மோதும். உயிரிழப்பு குறைவு எனினும் விமானம் பெரும் சேதமடையும்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இரண்டு பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. ஒன்று டி.டி.டி. முதலிய புதிய பூச்சிமருந்துகள். மற்றொன்று ராணுவத்திற்கு இனித் தேவைப்படாத பயிற்சி விமானங்கள். அமெரிக்காவில் ஸ்டீர்மன் என்னும் இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்கள் பெருமளவில் விற்கப்பட்டன. முன் இருக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மருந்துத் தொட்டியைப் பொருத்தினர். 220 குதிரைத்திறன் எந்திரத்திற்குப் பதில் 450 குதிரைத்திறன் எந்திரத்தை மாட்டினர். போரில் பறந்து பழகிய இளைஞர்களும் வேலை தேடி வந்தனர்.

இந்த விமானங்கள் மாணவருக்குப் பறக்கக் கற்றுத்தர வடிவமைக்கப்பட்டவை. சுமை ஏற்றி மண் தரையிலிருந்து நாள்தோறும் பல முறை கிளம்புவது அவற்றின் பணியன்று. பெரிய வட்ட எந்திரம் விமானியின் முன்பார்வையை மறைத்தது. மோதல் நேர்ந்தால் அவரைக் காக்கும் ஏற்பாடும் போதுமானதாக இல்லை. இக்காலத்தில் மருந்து தூவும் விமானி இறந்தால், துணிச்சல் மிகுந்த வேலையில் இது நேர்வதுதான் என்று சொல்லி அடுத்தவரை வேலைக்கு எடுக்கும் மனப்பான்மை பரவலாக இருந்தது.

விமானி ஏன் இறந்தார் என்னும் கேள்வி

இந்த மனப்பான்மையை மாற்றியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்.

ஒருவர் ஹியூ டிஹேவன். முதல் உலகப்போரின்போது விமானப் பயிற்சி மாணவராக இருந்த அவர், 1917இல் விபத்தில் சிக்கிப் படுகாயத்துடன் பிழைத்தார். தம்மை வெட்டிய காயங்களுக்கு இருக்கைப் பட்டையின் கொக்கியே காரணம் என்று அவர் உணர்ந்தார். விபத்து வேறு, காயம் வேறு என்னும் எண்ணம் அவருக்கு அங்கே பிறந்தது. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த மனிதர்களை ஆராய்ந்து 1942இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விழுந்த இடம் சற்று வளைந்து கொடுத்து, விசை உடலெங்கும் பரவினால் மனித உடல் மிகப் பெரும் அதிர்ச்சியையும் தாங்கும் என்பது அதன் சாரம். பின்னர் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காய ஆய்வுத் திட்டத்தை நடத்தினார்.

மற்றவர் ஃபிரெட் வெய்க். வானூர்தி எந்திரங்களுக்கான மூடியை மேம்படுத்திய ஆராய்ச்சியாலும், எளிதில் ஸ்டால் ஆகாத எர்கூப் என்னும் சிறு விமானத்தாலும் அவர் முன்பே பெயர் பெற்றிருந்தார். டெக்சாஸ் வேளாண் மற்றும் இயந்திரவியல் கல்லூரியில் பணியாற்றியபோது, தொடக்கத்திலிருந்தே வேளாண் பணியை மனத்தில் கொண்டு ஏஜி-1 என்னும் விமானத்தை வடிவமைத்தார். அது 1950 டிசம்பர் 1 அன்று முதன்முதலாகப் பறந்தது.

வெய்க் விபத்தே நேராத விமானத்தைச் செய்ய முனையவில்லை. இத்தொழிலில் விபத்து நேரும் என்று ஏற்றுக்கொண்டு, அதில் விமானி உயிரோடு எழுந்து நடக்க வேண்டும் என்று திட்டமிட்டார். இருக்கை உயரமாக வைக்கப்பட்டது. மூக்குப் பகுதி கீழ்நோக்கிச் சரிந்திருந்ததால் ஓடுதளத்தின் எல்லையும் எதிரிலுள்ள தடையும் நன்றாகத் தெரிந்தன. விமானியைச் சுற்றியுள்ள கூடும், இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையும் புவியீர்ப்பு விசையைப் போல் 40 மடங்கு விசையைத் தாங்கும்படி அமைக்கப்பட்டன. டிஹேவன் குழுவின் ஆய்வு முடிவுகள் இங்கே இரும்புக் குழாயாகவும் பட்டையாகவும் உருப்பெற்றன எனலாம்.

இதன் வழியில் வந்தது பைப்பர் பாவ்னி. வெய்க் வடிவமைத்த ஏஜி-3 முன்மாதிரியிலிருந்து பிறந்த இவ்விமானம் 1959 முதல் விற்பனைக்கு வந்தது. இதில் முன்னால் எந்திரம், அடுத்து மருந்துத் தொட்டி, அதற்கும் பின்னால் உயரத்தில் விமானி என்னும் வரிசை அமைந்தது. ஓடுதள எல்லையில் விமானம் மோதினால், முன்பகுதி படிப்படியாக நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்கும். எந்திரமும் தொட்டியும் பின்னாலிருந்து வந்து விமானியை நசுக்குவதில்லை. 5,000க்கும் மேற்பட்ட பாவ்னிகள் செய்யப்பட்டன. இக்காலத்திலேயே லேலண்ட் ஸ்னோ என்னும் இளம் பொறியாளரும் டெக்சாசில் தம் எஸ்-1 விமானத்தை 1953இல் பறக்கவிட்டார். கிரம்மன் நிறுவனத்தின் ஏஜி-கேட் 1957இலும், செஸ்னா நிறுவனத்தின் ஏஜி-வேகன் 1965இலும் பறந்தன. விமானியைத் தொட்டிக்குப் பின்னால் உயரத்தில் அமர்த்தும் முறை இவை எல்லாவற்றிலும் காணப்படுகிறது.

நியூசிலாந்தின் மலைமுகடுகள்

அமெரிக்காவில் பூச்சிமருந்து முதன்மையானது என்றால், நியூசிலாந்தில் உரம் முதன்மையானது. அந்நாட்டின் செங்குத்தான மேய்ச்சல் மலைகளில் மண்ணின் சத்து குறைந்து, புல் அருகி, மண்ணரிப்பு கூடியது. வண்டியோ டிராக்டரோ ஏற முடியாத சரிவுகள் அவை. 1948இல் அந்நாட்டு விமானப்படை தன் அவெஞ்சர் போர் விமானத்திலிருந்து உரம் தூவிச் சோதித்தது. 1949இல் டைகர் மாத் பயிற்சி விமானங்களைக் கொண்டு தனியார் இதைத் தொழிலாகத் தொடங்கினர். சில ஆண்டுகளில் மலைநாடு முழுவதும் இத்தொழில் பரவியது.

மலைமுகட்டில் வெட்டப்பட்ட சரிவான பாதையே அங்கே ஓடுதளம். விமானம் மேட்டை நோக்கி இறங்கும். அதனால் விரைவில் நிற்கும். லாரி ஒன்று அருகே வந்து ஒரு நிமிடத்திற்குள் சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தொட்டியில் கொட்டும். உடனே விமானம் சரிவில் கீழ்நோக்கி ஓடிப் பள்ளத்தாக்கின் மேல் கிளம்பும். சரிவு வேகத்தைக் கூட்டித் தருகிறது. முடிவில் நிலம் கீழே விலகிச் செல்வதால் மூக்கைத் தாழ்த்தி மேலும் வேகம் சேர்க்கலாம். ஆனால் பாதி ஓடிய பின் நிறுத்த முடியாது. காற்று திசை மாறிப் பின்னாலிருந்து வீசினாலும் மறுபக்கமாகக் கிளம்ப வழியில்லை.

இந்த நிலத்திற்கு ஏற்ற விமானமாக ஃபிளெட்சர் எஃப்.யு.-24 அமைந்தது. அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டு 1954இல் முதன்முதலாகப் பறந்த இது, நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் பொருத்தப்பட்டு, பின்னர் அங்கேயே தயாரிக்கப்பட்டது. பாவ்னியைப் போலன்றி இதில் விமானி தொட்டிக்கு முன்னால் அமர்கிறார்.

கொட்டிவிடும் கைப்பிடி

வேளாண் விமானத்திற்கு மற்ற விமானங்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. ஏற மறுக்கும் விமானத்தின் சுமையை விமானியால் ஒரே நொடியில் கழற்றிவிட முடியும். தொட்டியின் அடிக்கதவைத் திறக்கும் கைப்பிடி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதை இழுத்தால் மருந்தோ உரமோ மொத்தமாகக் கீழே கொட்டிவிடும். விமானம் உடனே துள்ளி எழும்.

அமெரிக்காவின் வேளாண் விமான விதிகளில், நெரிசலான பகுதியின் மேல் பறக்கும் விமானம் தன் அனுமதிக்கப்பட்ட உச்சச் சுமையில் பாதியையாவது 45 நொடிக்குள் கொட்டும் கருவி கொண்டிருக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. நியூசிலாந்து விதி இன்னும் கண்டிப்பானது. வழக்கமான உச்ச எடைக்கு மேல் ஏற்றிக் கிளம்ப வேண்டுமானால், தொட்டிச் சுமையில் 80 விழுக்காட்டை 5 நொடிக்குள் கொட்ட முடிய வேண்டும். அதாவது, கூடுதல் எடையைச் சட்டம் முழுவதுமாகத் தடுக்கவில்லை. அதை விரைந்து உதறும் வழி இருந்தால் மட்டுமே அனுமதித்தது.

இந்த ஏற்பாட்டிலும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று பொருளின் தன்மை. ஈரம் கோத்த சூப்பர் பாஸ்பேட் கட்டியாகித் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கதவு திறந்தாலும் சுமை இறங்காது. மற்றொன்று மனித இயல்பு. கொட்டிய மருந்து நட்டம். கொட்டிய இடத்தில் பயிர் கருகலாம், உரிமையாளர் சண்டைக்கு வரலாம். விமானம் எப்படியும் ஏறிவிடும் என்று விமானி இரண்டு நொடி காத்திருந்தால், அந்த இரண்டு நொடியில் ஓடுதளம் முடிந்துவிடும். இதனால்தான் கிளம்பும் முன்பே ஓடுதளத்தின் ஓரத்தில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டும்போது வால் எழவில்லை அல்லது வேகம் வரவில்லை என்றால் சிந்திக்காமல் கொட்டிவிட வேண்டும் என்று பயிற்சியில் கற்பிக்கிறார்கள். ஓடும்போது முடிவெடுக்க நேரமில்லை. நிற்கும்போதே முடிவெடுத்துவிட வேண்டும்.

ஃபாக்ஸ் கிளேசியர் விபத்து, 2010

உரம் தூவும் விமானம் வேறு பணிக்கு மாற்றப்படும்போது என்ன நேரும் என்பதற்கு நியூசிலாந்தின் ஃபாக்ஸ் கிளேசியர் விபத்து ஒரு துயரமான எடுத்துக்காட்டு. 2010 செப்டம்பர் 4 அன்று, ஃபிளெட்சர் வகை விமானம் ஒன்று வான்குடையில் குதிக்க விரும்பிய சுற்றுலாப் பயணிகளுடன் கிளம்பியது. முன்பு உரம் தூவப் பயன்பட்டு, அண்மையில் வான்குடைப் பணிக்கு மாற்றப்பட்ட விமானம் அது. தரையை விட்டு எழுந்ததும் அதன் மூக்கு மிகச் செங்குத்தாக மேலே உயர்ந்தது. பின் தூக்குவிசை இழந்து தலைகீழாக ஓடுதளத்தின் அருகே விழுந்து தீப்பற்றியது. விமானியும், உடன் குதிக்கும் பயிற்சியாளர்கள் நால்வரும், சுற்றுலாப் பயணிகள் நால்வருமாக 9 பேரும் இறந்தனர்.

வேளாண் விமானத்தில் தொட்டி, விமானத்தின் ஈர்ப்பு மையத்திற்கு அருகில் வைக்கப்படுகிறது. தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் சமநிலை பெரிதும் மாறாது. தொட்டியை எடுத்துவிட்டு அவ்விடத்திலும் அதற்குப் பின்னும் மனிதர்கள் அமரும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. மனிதர்கள் நகரவும் கூடும். அந்நாட்டின் போக்குவரத்து விபத்து விசாரணை ஆணையம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், விமானத்தின் எடை மையம் அனுமதிக்கப்பட்ட பின் எல்லையைத் தாண்டியிருந்ததைச் சுட்டியது. மாற்றியமைத்த பின் சமநிலைக் கணக்கு முறையாகப் பார்க்கப்படவில்லை என்பதையும், உள்ளே இருந்தவர்கள் பட்டையால் பிணைக்கப்படவில்லை என்பதையும் கூறியது.

குடும்பத்தினரும் வல்லுநர்களும் கேள்வி எழுப்பினர். விபத்து நடந்த சில நாள்களிலேயே சிதைவுகள் புதைக்கப்பட்டதும் கண்டனத்திற்கு உள்ளானது. ஆணையம் விசாரணையை மீண்டும் திறந்தது. 2015இல் வெளியான திருத்தத்தில், சமநிலைக் கோளாறு மட்டுமே இவ்விபத்துக்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்றும், காரணத்தை உறுதியாகக் கூற முடியவில்லை என்றும் தெரிவித்தது. ஒரு விபத்துக்குக் காரணம் கிடைத்ததும் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதையும், சிதைவு என்பது குப்பையன்று, சான்று என்பதையும் இந்த நிகழ்வு நினைவூட்டுகிறது.

ஆற்றல் கூடியதும் சுமையும் கூடியது

1970களுக்குப் பின் வேளாண் விமானங்களில் டர்பைன் எந்திரங்கள் வந்தன. பழைய வட்ட எந்திரங்களைவிட இவை எடை குறைந்தவை, ஆற்றல் மிகுந்தவை, நம்பகமானவை. எந்திரம் நின்றுபோகும் விபத்துகளுக்கு இது நல்ல மருந்து. லேலண்ட் ஸ்னோ நிறுவிய ஏர் டிராக்டர் நிறுவனத்தின் ஏ.டி.-802 விமானம் 1990இல் பறந்தது. அதன் தொட்டி ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும். 1921இல் மெக்கிரெடி ஏற்றிச் சென்ற தூளோடு ஒப்பிட்டால் வளர்ச்சி புரியும்.

ஆனால் கூடுதல் ஆற்றல் முழுவதும் பாதுகாப்புக்கு ஒதுக்கப்படவில்லை. பெரும்பகுதி கூடுதல் சுமையாக மாறியது. பெரிய எந்திரம் வந்ததும் பெரிய தொட்டியும் வந்தது. ஓடுதள எல்லையில் மிஞ்சும் தூரம் பழையபடியே குறுகியதாக இருந்தது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2013ஆம் ஆண்டில் வேளாண் விமானப் பணி தொடர்பாக நடந்த 78 விபத்துகளை எடுத்துக்கொண்டு 2014இல் ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. விமானிகளின் களைப்பு, பணிக்கேற்ற இடர் மதிப்பீட்டு வழிகாட்டி இல்லாமை, பராமரிப்புக் குறைபாடு, விமானியின் அறிவையும் திறமையையும் சோதிக்கும் முறையில் உள்ள போதாமை ஆகியவற்றை அது சுட்டிக்காட்டியது. பருவகால வேலை என்பதால் விடியற்காலை முதல் மாலை வரை பறக்க வேண்டியிருக்கிறது. சுமைக் கணக்கைச் சரிபார்க்க வேண்டிய மூளை களைத்திருக்கும்போது, எவ்வளவு வலிமையான எந்திரம் இருந்தும் பயனில்லை.

இந்தியாவின் வசந்த்

இந்தியாவிலும் இதற்கென ஒரு விமானம் உருவாக்கப்பட்டது. பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த எச்.ஏ.-31 வசந்த் அது. திருத்தப்பட்ட இரண்டாம் வடிவம் 1972 மார்ச் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. 400 குதிரைத்திறன் எந்திரம், விமானிக்கு முன்னால் தொட்டி, உயரமான இருக்கை என்று வெய்க் காலத்துப் பாடங்கள் இதில் காணப்பட்டன. 39 விமானங்கள் செய்யப்பட்ட பின் 1980இல் தயாரிப்பு நின்றது. சிறு சிறு வயல்களும், குறுக்கே செல்லும் மின்கம்பிகளும், நடுவே நிற்கும் மரங்களும் உள்ள நாட்டில் விமானத்தால் மருந்து தூவுவது அமெரிக்கா போல் பரவவில்லை.

இன்று அந்த இடத்தை ட்ரோன்கள் நிரப்பி வருகின்றன. 2021இல் இந்திய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டின் வயல்களிலும் ட்ரோன் மருந்து தெளிப்பதை இப்போது காணலாம். மருந்தோடு சேர்ந்து ஒரு மனித உயிரும் மேலே எழ வேண்டிய தேவை இதில் இல்லை. ஆனால் எடை, வெப்பம், காற்று ஆகிய மூன்றும் ட்ரோனுக்கும் பொதுவானவை. தொட்டியை நிறைத்துச் சித்திரை வெயிலில் ஏற்றும்போது ட்ரோன் திணறுவதும், பாட்டரி விரைவில் தீர்வதும் அதே விதியால்தான். கீழே நிற்பவர்கள் தள்ளி நிற்க வேண்டியதும் அதனால்தான்.

முடிவுரை

வேளாண் விமானங்கள் கிளம்பும்போது நேர்ந்த விபத்துகளின் வரலாற்றில் மூன்று நிலைகள் தெரிகின்றன. முதலில் விபத்து விமானியின் விதி என்று கருதப்பட்டது. பிறகு டிஹேவன், வெய்க் போன்றோர் விபத்தில் விமானி ஏன் இறக்க வேண்டும் என்று கேட்டு, நசுங்கும் மூக்கையும் நசுங்காத கூட்டையும் தந்தனர். அதன்பின் சட்டங்கள் வந்து, ஏற்றிய சுமையை உதறும் வழியைக் கட்டாயமாக்கின. இன்று எஞ்சியிருப்பது கணக்கு. அது வெப்பம், காற்று, தரை, எடை ஆகிய நான்கையும் பெருக்கிப் பார்க்கும் எட்டாம் வகுப்புக் கணக்குதான். அதைப் போட ஒரு தாளும் பென்சிலும் போதும். தொட்டியில் கடைசி மூட்டை கொட்டப்படும் முன் அதைப் போட வேண்டும் என்பதே, ஓடுதள எல்லைகளில் இறந்த விமானிகள் பின்வந்தவர்களுக்கு விட்டுச்சென்ற பாடம்.